சித்தி வெட்டிய மௌனங்கள்

என் சித்தி மொழி ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்கிறாள். ஜப்பானியர்கள் தொலைபேசியில் பேசிய முந்நூறு பதிவுகளில் இரைச்சலை நீக்குவது அவள் வேலை. அந்த மொழியில் ஒரு வார்த்தைகூட அவளுக்குத் தெரியாது. காது மட்டும் பயங்கரக் கூர்மை.

அன்று மதியம் ஆய்வை நடத்தும் மேடம் கால் தரையில் படாமல் வந்தார்.

"கேள்வி கேட்டா கொரியாக்காரங்களைவிட ஜப்பான்காரங்க பாதி நேரத்துல பதில் சொல்றாங்க! இதுவரை யாரும் சொல்லல. அஞ்சு மணிக்குள்ள கட்டுரை போகணும். உங்க வேலையை ரெண்டு வருஷம் நீட்டிக்கச் சொல்லிட்டேன்."

இரைச்சலோடு, ஒருவர் பேசி முடித்து மற்றவர் தொடங்கும்வரை சத்தமே இல்லாத இடங்களையும் சித்தி வெட்டியிருந்தாள். யாரும் வெட்டச் சொல்லவில்லை. வெட்டாதே என்றும் சொல்லவில்லை.

கொரியப் பதிவுகளைப் பார்ப்பவர் பக்கத்து மேசைக்காரர். தடித்த கண்ணாடியால் அவருக்குச் சோடாபுட்டி என்று பெயர்.

"அண்ணே, சத்தமில்லாத இடத்தை நீங்க வெட்டினீங்களா?"

"இருக்கிற வேலையே முடியல, இதுல அது வேறயா?" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஐயையோ, நீ வெட்டிட்டியா?"

"எல்லாத்தையும்."

"வாயை மூடிக்கிட்டு உக்காரும்மா. யாருக்குத் தெரியப் போகுது?"

சித்தப்பாவுக்கு வேலை போய் ஏழு மாதம். சித்தி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். மணி நாலே முக்கால். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மேடம் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இருந்தார்.

"மேடம், அனுப்பாதீங்க."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மேடத்தின் முகம் வெளுத்தது.

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

"சுத்தம்னா இதுவும் சேத்திதான்னு நெனச்சேன் மேடம்."

"வெட்டாத பதிவு?"

"பத்திரமா இருக்கு."

வெட்டாத பதிவுகளில் நான்கை அளந்து பார்த்தார்கள். நான்கிலும் ஜப்பானியர்களின் பதில் கொரியர்களைப் போலவே தாமதித்துத்தான் வந்தது. ஐந்து மணி கடந்தது. மேடம் கட்டுரையை மூடினார்.

"இதை நான் மேல சொல்லியாகணும். வேலை நீட்டிப்பு கிடைக்காது. மாசக் கடைசி வரைக்கும் வாங்க."

வீட்டில் சித்தப்பா கேட்டார், "பேசாம இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்" என்றாள் சித்தி. "மாசக் கடைசிக்குப் பதினோரு நாள்தான் இருக்கு. முந்நூறையும் திரும்ப அளக்கணும். காலைல ஏழு மணிக்கே கிளம்பிடுவேன்."