மாமாவின் விரலில் அழியாத மை

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீடும் மாமா வீடும் அடுத்தடுத்து இருந்தன. அந்தக் கோடையில் நடந்த தேர்தலில் இரண்டு வீட்டிலுமாக ஓட்டுப் போட்டவர்கள் நான்கு பேர்: அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, அவர் மனைவி அத்தை. எனக்கு வயது போதாததால், அவர்கள் ஆட்காட்டி விரல்களில் வைத்த மையைக் கண்காணிக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் நால்வரின் நகங்களையும் பார்த்துக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்தேன். நகம் வளர வளர மை நுனிக்கு நகர்ந்தது. கார்த்திகைக்குள் மூவருக்கும் வெட்டுப்பட்டுப் போய்விட்டது. மாமாவுக்கு மட்டும் ஒரு கறுப்புக் கோடு நின்றது.

“எம்புட்டுக் கெட்டி ஓட்டு பாத்தியாட்டி!” என்பார். ராஜபாளையம் மில்லில் அறுந்த நூலை ஒட்டும் வேலை அவருக்கு. அங்கே அவரைக் ‘கள்ள ஓட்டு’ என்றே கூப்பிட்டார்களாம்.

பொங்கலுக்குக் கோடு அகலமாகிவிட்டது. நகக்கண்ணின் தோலிலும் கருமை இறங்கியிருந்தது. அம்மாவிடம் கோள் சொன்னேன்.

“மாமா ஏமாத்துதாவம்மா. அவியளே மை வச்சுக்கிடுதாவ.”

அம்மா சிரித்தாள். ஆனாலும் மாமாவைக் கூப்பிட்டு, மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

“ஏலே, வலிக்கா?”

“வலிச்சாச் சொல்ல மாட்டேனாக்கா?”

“வலிக்காட்டியும் டாக்டர்ட்ட காட்டுவோம். கெளம்பு.”

டாக்டர் நகத்தைப் பார்த்ததும் மதுரைக்கு அனுப்பினார். அங்கே நகத்தடியில் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய். அக்குளில் கட்டி ஏதும் இல்லை, பரவியதாகத் தெரியவில்லை, இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்களாம். விரலை நுனிக் கணுவோடு எடுத்துவிட்டார்கள். ரத்தக்கட்டானாலும் மையானாலும் நகத்தோடு நகர்ந்துவிடும். இது நகம் முளைக்கும் இடத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. இதையெல்லாம் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நான் கோள் சொன்னேன், மாமாவின் விரலை வெட்டிவிட்டார்கள்.

அவர் வீடு திரும்பிய அன்று கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டேன். அத்தை குனிந்து, கையைப் பிடித்து இழுத்தாள்.

“இனிமே யாரையும் சொல்லிக்குடுக்க மாட்டேன் அத்தை!”

“நல்லாச் சொல்லிக்குடுட்டி” என்றார் மாமா, வாசலில் நின்றபடி.

அத்தை அடிக்கத்தான் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவளோ என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு, மாறி மாறி முத்தமிட்டாள். என் உள்ளங்கைகள் நனைந்தன. விரல் போனதற்கு அழுபவள் என்னை ஏன் விடாமல் முத்தமிடுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.