கணக்கில் வராத அக்கா

மருத்துவமனைச் செயலியில் நோயாளிகள் எவ்வளவு வேகமாக லாகின் ஆகிறார்கள் என்று காட்டும் டாஷ்போர்டு அவன் பொறுப்பு. எந்நேரமும் 'எல்லாம் சரி' என்ற பச்சைதான், அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை. "உள்ளயே விடமாட்டேங்குதுடா, சுத்திக்கிட்டே இருக்கு" என்று அக்கா போனில் புலம்பியபோது, "உனக்குத்தான் பொறுமை இல்ல" என்று எரிந்து விழுந்தான்.

இன்று அவளே அலுவலகத்துக்கு வந்து, அந்தப் பச்சைத் திரைக்கு நேராகப் போனை நீட்டினாள். சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அலுத்துப்போய்ச் செயலியை மூடினாள். திரை பச்சையாகவே இருந்தது.

"நான் பட்ட பாடு இதுல எங்கடா தெரியுது?"

எங்கே தெரியும்? பாதியில் விட்டுப்போகிறவர்களைக் கணக்கில் சேர்க்காதே என்று எழுதிவைத்த புண்ணியவானே அவன்தான். அவர்கள் சராசரியைக் கெடுக்கிறார்களாம்! கூட வேலை செய்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கூனிக்குறுகி நின்றான்.

தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அவர்களிடம் சொன்னாள்: "அவன் மேல தப்பில்லைங்க. எனக்குத்தான் பொறுமை இல்ல."