பலகைக்கு அந்தப் பக்கம்

அந்த பிளைவுட் தடுப்பை முதன்முதலில் பார்த்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ராயபுரத்தில், கயிறும் மீன்வலையும் விற்கும் ஒரு கடையின் மாடியில் எங்கள் சங்கத்தின் கூடம் இருந்தது. எல்லா மதமும் ஒரே உண்மையைச் சொல்கின்றன என்கிற பிரம்மஞானம், தியாசபி என்பார்களே, அதைப் படிக்கக் கூடும் சின்னக் கூட்டம். படியேறிப் போனால், போன வாரம்வரை ஒரே கூடமாக இருந்த இடத்தின் நடுவே புதுப் பலகை நிற்கிறது. பசை வாசனைகூடப் போகவில்லை. முன்வாசல் ஒரு தரப்புக்கு, பக்கவாசல் இன்னொரு தரப்புக்கு. சற்று நேரத்தில் இரண்டு பக்கமும் பிரார்த்தனை தொடங்கியது. எல்லா உயிரும் ஒன்றே என்கிற அதே பிரார்த்தனைதான். அந்தப் பக்கத்தார் ஒரு வரி முந்திப் போனார்கள். இந்தப் பக்கம் எங்கள் செயலாளர் அம்மா குரலை உயர்த்தினார். எனக்கு வாயே திறக்கவில்லை.

செயலாளர் அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். ராயபுரத்து மீனவச் சந்து ஒன்றில் பிறந்தவர். காலையில் மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு, அதே சேலையோடு எங்கள் கூடத்துக்கு வருவார். பங்குச் சாமியார் ஒருமுறை கடிந்துகொண்டபோது, "ரெண்டு எடத்துலயும் ஜெபம்தான் பண்றேன், அதுல இன்னா தப்பு சாமி?" என்று கேட்டுவிட்டு வந்தவர். என் கணவர் கடைசியாகக் கிடந்த வார்டில் அவர்தான் நர்ஸ். எல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்துத் திருவொற்றியூரில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். "தனியா வூட்ல குந்திகினு இன்னா பண்ணப் போற? எங்கூட வா" என்றார். அப்படித்தான் நான் போனேன். எனக்கு ஞானம் வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையைக் கடத்த ஓர் இடம் வேண்டியிருந்தது.

அப்போது எங்கள் தலைவர், துறைமுகத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். உலகெங்கும் கிளைகள் உள்ள எங்கள் பிரம்மஞான இயக்கத்தின் பெருமைகளை மட்டும் சொல்லி விட்டுவிடுகிற ஆள் இல்லை. அதன் சண்டைகளையும் ஒளிக்காமல் சொல்வார். இமயத்தில் மறைந்து வாழும் ஞானிகள் என்று நம்பப்பட்ட மகாத்மாக்களிடமிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் மெய்யா பொய்யா என்று தோழர்களே எதிரிகளானது, கடல் கடந்த கிளைகள் பிரிந்து தனியே போனது, முதல் தலைவரின் மரணப் படுக்கையருகே மகாத்மாக்கள் தோன்றி அடுத்த தலைவரைக் குறித்தார்கள் என்று ஒரு தரப்பு சொல்ல, மறு தரப்பு நம்ப மறுத்தது, உலக குருவாக வளர்க்கப்பட்டவரே தமக்காக எழுப்பிய அமைப்பைக் கலைத்துவிட்டுப் போனது, எல்லாம் அவர் வாயால்தான் கேட்டோம். "அம்மாம் பெரிய ஞானிங்களே நாற்காலிக்கு அடிச்சிகினாங்களா?" என்று செயலாளர் அம்மா சிரிப்பார். அவரைவிட அதிகமாகச் சிரித்தவர் எங்கள் துணைத்தலைவர். தெற்கேயிருந்து வந்து இரும்புக்கடை வைத்தவர். மழை நாளில் அம்மாவைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிச் சந்து முனைவரை கொண்டுபோய் விடுவார். உடன்பிறந்தவர்கள் என்றே நான் முதலில் நினைத்தேன்.

தலைவர் இறந்தார். நினைவுக் கூட்டத்தில் மாலையிட்ட படத்துக்கு முன்னால் துணைத்தலைவர் எழுந்தார். "நேத்து தியானத்துல தலைவர் வந்தாரு. இனி நீதான் பாத்துக்கிடணும்னு சொன்னாரு" என்றார்.

யாரோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எந்தக் கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தாரோ அதே கதையைத் தன் கதையாகச் சொல்லிக்கொண்டு, கண்ணில் நீரோடு நின்றார். அவர் நடிக்கவில்லை என்பதுதான் எனக்குத் திகைப்பாக இருந்தது.

"எனக்கும் அவரு இத்தினி வருசமா தோஸ்துதான்" என்றார் அம்மா. "எங்கிட்ட வரலியே நைனா?"

"உங்களுக்கு அந்தப் பக்குவம் வரலை."

அந்த ஒரு சொல்லில் எல்லாம் முறிந்தது. அதுவரை தலைமைக்கு ஆசைப்படாத அம்மா மறுநாளே போட்டியிடப் போவதாக அறிவித்தார். வாக்கெடுப்பில் கூட்டம் சரிபாதியாகப் பிளந்தது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதன் பிறகுதான் பலகை வந்தது.

பல மாதங்கள் அப்படியே ஓடின. ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கும், ஆனால் கேட்காததுபோல் இருக்கப் பழகிக்கொண்டோம். ஒரு ஞாயிறன்று எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றதில் நான் தாமதமாகப் போனேன். எங்கள் தரப்பில் அம்மாவைத் தவிர யாரும் வந்திருக்கவில்லை. அந்தப் பக்கம் தியானம், ஒரே அமைதி. எங்கள் கதவைத் திறந்தேன். இரும்பு நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அம்மா தரையில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது. இடது கையால் அந்தப் பலகையை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார்.

நான் போட்ட கூச்சலில்தான் அந்தப் பக்கத்தார் ஓடி வந்தார்கள். குறுகிய படிக்கட்டில் துணைத்தலைவரும் சேர்ந்துதான் அம்மாவைத் தூக்கி இறக்கினார். மூச்சிரைக்க என்னிடம் சொன்னார்: "சத்தம் கேட்டுச்சும்மா. நாற்காலி விழுந்தது, தட்டுனது எல்லாம் கேட்டுச்சு. எங்க தியானத்தைக் கெடுக்கத்தான் பண்ணுதீங்கன்னு நெனச்சோம்." மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார். ஆட்டோ புறப்பட்ட பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். கயிற்றுக்கடை வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அம்மா பிழைத்தார். வலது பக்கம் மட்டும் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பியதும் என்னிடம் முதலில் கேட்டது, "அவுங்களுக்குக் கேட்டுச்சா?" என்பதைத்தான். பொய் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. கேட்டது என்றேன். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு குழறலாகச் சொன்னார்: "மார்கழில ஒருநாளு இரும்புக்கடக்காரரு பலகைக்கு அந்தாண்ட மூச்சு வாங்க இருமிகினு கெடந்தாரு. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? ஜெபத்த இன்னும் சத்தமா சொன்னேன். நர்ஸு நானு."

அதைக் கேட்டபோது, கூடத்தில் அவரைத் தரையில் பார்த்ததைவிட அதிகமாக நடுங்கிப்போனேன். என் கணவர் கட்டிலருகே விடிய விடிய நின்ற பெண் இவர்.

அதன் பிறகு அம்மா கூடத்துக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. சங்கம் இன்னும் நடக்கிறது, துணைத்தலைவர்தான் தலைவர். அவர் அம்மாவைப் பார்க்க ஒருநாளும் வரவில்லை. சந்து முனைவரை வந்து திரும்பிப் போனதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அம்மா போய்ச் சேர்ந்தார்.

கல்லறைத் தோட்டத்தில், கூட்டத்துக்குப் பின்னால் தனியே துணைத்தலைவர் நிற்பதைப் பார்த்தேன். எல்லாம் முடிந்ததும் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அம்மாவின் மகனிடம், சங்கத்திலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னார். மகன் சட்டென்று அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"இரும்புக்கடை அண்ணன்தான? அம்மா சொல்லிகினே இருக்கும். கீழ வுழுந்தப்போ சத்தம் கேட்டு மொதல்ல ஓடியாந்தது நீங்கதானாமே."

அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன். மகன் கையை விடவே இல்லை.