ஏழாம் இலக்கச் சட்டையில் மஞ்சள்

என் வலத்தோள் இறுகிப்போய்விட்டதாம். வைத்தியர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். எத்தனையோ வருஷம் மற்றவர்களுடைய மேசைவிரிப்புகளை அயன் பண்ணிய தோள், இறுகாமல் என்ன செய்யும். பயிற்சி காட்டித்தர ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்து, மெல்ல மெல்ல மேலே உயர்த்தச் சொன்னாள். வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று அப்படிச் செய்தேன். பாதி உயரத்தில் கை நின்றபோது கண்ணாடியில் வேறு ஒருவரைக் கண்டேன். அவரைப் பற்றி இதுவரை நான் ஒருவரிடமும் கதைத்ததில்லை. வாயால் சொல்ல வெட்கம், அதனால் எழுதுகிறேன். ஏழாம் வகுப்போடு நின்ற எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஊரில் ஷெல்லடிக்குத் தப்பி, இந்தக் குளிர்நாட்டில் ஆரா என்ற நகரத்துக்கு வந்தோம். அப்பா, அம்மா, பதின்மூன்று வயதில் நான். அகதி வழக்கு முடியட்டும், பிறகு பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பார்க்கலாம் என்று கடிதங்கள் போவதும் வருவதுமாக இருந்தன. வழக்கு முடிந்தபோது என் பள்ளிக்கூட வயதும் முடிந்திருந்தது.

அப்பாவுக்கு ஒரு சலவைக் கடையில் வேலை கிடைத்தது. கீழே கடை, அதற்கு மேலே எங்களுக்கு இரண்டு அறை, எல்லாவற்றுக்கும் மேலே கூரையடியில் சரிந்த சுவரோடு ஒரு சின்ன அறை. மூன்றும் முதலாளியுடையவை. முதலாளிக்குச் சலவையைவிட அமெரிக்கன் ஃபுட்போலில்தான் உயிர். அந்த ஊரில் அந்த விளையாட்டுக்கு ஒரு கிளப் தொடங்கி அவரே தலைவராகவும் இருந்தார். அதற்காக அமெரிக்காவிலிருந்து ஒருவரை வரவழைத்துக் கூரையடி அறையில் குடிவைத்திருந்தார்.

அவர் குவார்ட்டர்பேக். அப்படியென்றால் என்ன என்று அப்பா எனக்கு விளக்கினார். உரித்த தேங்காய் மாதிரி ஒரு பந்து. அதைக் கையால் எறிகிறவர் இவர். மற்றவர்கள் இவரைச் சுற்றி நின்று இடிபடுவார்கள், இவர் அதற்கிடையில் யார் எங்கே ஓடுகிறான் என்று பார்த்து எறிய வேண்டும். முழு ஆட்டமும் அந்த ஒரு கையில்தான். "அந்தக் கை போனால்?" என்று அம்மா கேட்டாள். "பிறகு ஆள் இருந்தென்ன, இல்லாட்டி என்ன" என்றார் அப்பா. அது விளையாட்டைப் பற்றிய கதை என்றுதான் நான் நினைத்தேன்.

அந்தக் கட்டடத்தில் இங்கிலீஷ் கதைக்கக் கூடியவர் அப்பா மட்டும்தான். ஊரில் அவர் கந்தோரில் கிளாக்காக இருந்தவர். அதனால் அமெரிக்கர் முதலில் படிக்கட்டில் நின்று கதைத்தார், பிறகு வாசலில் நின்று கதைத்தார், பிறகு எங்கள் மேசையில் இருந்து சாப்பிட்டார். அம்மா அவரை மேல்வீட்டுத் தம்பி என்றாள். அந்தத் தம்பி வாசல் நிலைகளில் தலை முட்டாமல் இருக்கக் குனிந்து குனிந்து வருவார்.

முதல் நாள் சாப்பாட்டுக் கோப்பையை இடக்கையை நீட்டி வாங்கினார். அம்மா கோப்பையை விடவில்லை.

"சொல்லுங்கோவன் உந்தப் பிள்ளைக்கு. இடக்கையாலை குடுக்கிறதும் இல்லை, வாங்கிறதும் இல்லையெண்டு."

அப்பா கூச்சத்தோடு மொழிபெயர்த்தார். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, கையை மாற்றி வாங்கினார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அவர் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக்கூட இடக்கையால் தொட்டது கிடையாது. புட்டைக் குழைத்து உருட்டக்கூடப் பழகிவிட்டார். "ஊரிலை இருக்கிற உங்கடை தம்பியைவிட வடிவாச் சாப்பிடுது" என்று அம்மா அப்பாவைச் சீண்டுவாள்.

சாப்பிட்டு முடிந்ததும் அவர் கதை சொல்வார், அப்பா எங்களுக்கு ஒப்புவிப்பார். பல்கலைக்கழகத்தில் அவர் பெரிய ஆளாம். ரோட்டில் போனால் சனம் பேர் சொல்லிக் கூப்பிடுமாம். பிறகு சம்பளத்துக்கு விளையாடுகிற பெரிய அணி ஒன்று எடுத்ததாம். அங்கே இரண்டு வருஷம் மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்து, விளையாடுகிற இன்னொருவரைப் பார்த்துக் குறிப்பெழுதினதுதான் வேலையாம்.

"அவ்வளவு படிச்ச பிள்ளையை எழுதவோ வைச்சவை?" என்றாள் அம்மா.

"நானும் அங்கை கிளாக்கர்தான் எண்டு சொல்லுறார்" என்று அப்பா சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

ஒரு நாள் அவருடைய பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார்கள். பிறகு கனடா, அங்கும் வெட்டு. கடைசியாக இந்த ஊர். இங்கே மைதானத்துக்குப் பக்கத்தில் மாடுகள் மேயும், பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் விளையாடுகிறவர்களின் சொந்தக்காரர். அவருடைய மனைவியும் நாலு வயது மகளும் அமெரிக்காவில். இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தை வென்று கொடுத்தால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம், அவர்களையும் கூப்பிடலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். மகளின் படத்தைச் சட்டைப்பைக்குள் இருந்து எடுத்து என்னிடம் காட்டுவார். நான் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். அவரோடு நான் ஒரு சொல்லும் கதைத்தது கிடையாது. ஆனால் அவர் பின்முற்றத்தில் எறிந்து பழகும்போது, மதிலில் பட்டு உருண்டோடும் பந்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பது நான்தான். வலக்கையால்.

கடைசி ஆட்டத்துக்கு மூன்று கிழமைக்கு முன்னால், ஒரு மத்தியானம், அவர் எங்கள் மேசையில் இருந்து இடக்கையால் சாப்பிட்டார்.

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அப்பா, மறந்திருப்பார் விடு என்று கண்ணால் காட்டினார். அம்மா விடவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்து அவருடைய வலப்பக்கமாக, கொஞ்சம் உயரத்தில் நீட்டினாள். அவருடைய வலக்கை மேசைக்குக் கீழே இருந்து அசைந்தது, மேலே வரவில்லை. அம்மா செம்பை வைத்தாள்.

"தம்பி, சட்டையைக் கழட்டும்."

தமிழில்தான் சொன்னாள். அவருக்கு விளங்கிவிட்டது. தோள் வீங்கிக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் நீண்டநேரம் மெதுவாகக் கதைத்தார். அப்பா சுருக்கமாகச் சொன்னார்: "முதலாளிக்குச் சொல்ல வேண்டாமாம். கை ஏலாதெண்டு தெரிஞ்சால் அடுத்த கிழமையே திருப்பி அனுப்பிப் போடுவினமாம். இவருக்குத் தந்த விசா விளையாடுறதுக்கு மட்டும்தானாம்."

"ஆர் சொல்லப் போகினம்" என்றாள் அம்மா. "எங்களையும் திருப்பி அனுப்புற கடிதம் எண்டைக்கு வருமெண்டுதானே தபால்காரனைப் பாத்துக்கொண்டிருக்கிறம்."

அன்றிலிருந்து பயிற்சி முடிந்து வந்ததும் அம்மா பத்துப் போடுவாள். மஞ்சள், உப்பு, புளி, கொஞ்சம் நல்லெண்ணெய். மஞ்சள் அப்போது இங்கே லேசில் கிடைக்காது. ஊரிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த மஞ்சளை அம்மா ஒரு பால்மா டின்னில் வைத்துத் தொட்டுத் தொட்டுத்தான் பாவிப்பாள். அவருக்கு மட்டும் கை நிறைய அள்ளினாள். வீக்கம் கொஞ்சம் வற்றியது. பந்து முன்போல் மதிலை எட்டவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் ஓட வேண்டிய தூரம் குறைந்துவிட்டது. அதையும் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை. பயிற்சியால் வந்தவருக்கு அம்மா சூடாகப் பத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் முதலாளியின் சப்பாத்துச் சத்தம். மேல்வீட்டுத் தம்பி ஈரப் பத்துக்கு மேலேயே தன் வெள்ளைச் சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டார். முதுகில் ஏழாம் இலக்கம் போட்ட ஆட்டச் சட்டை. முதலாளி வந்து, எங்களுக்கும் ஒரு தலையசைப்பு வைத்து, ஆட்டத்தைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்து, போகும்போது அவருடைய வலத்தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். எங்கள் மூன்று பேருக்கும் நொந்தது. அவர் சிரித்துக்கொண்டு நின்றார். நல்லவேளை, அதன் மேலே கம்பளிச் சட்டை ஒன்றையும் போர்த்தியிருந்தார்.

கழற்றிப் பார்த்தால் வெள்ளைச் சட்டையின் தோளில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். திங்கட்கிழமை காலையில் எல்லாருடைய சட்டைகளும் கடைக்கு வரும். முதலாளியே பையை அவிழ்த்துப் பார்ப்பார்.

"நான் தோச்சுக் குடுக்கிறன்" என்று அம்மாவின் காதுக்குள் சொன்னேன். அவருக்காக நான் ஒரு காரியம் செய்ய முன்வந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஞாயிறு. ஷாஃப்ஹவுசனுக்குப் புதிதாக வந்திருந்த ஊர்க்காரரைப் பார்க்க அப்பாவும் அம்மாவும் காலையிலேயே ரயில் ஏறிவிட்டார்கள். புதுமனிதர் முன்னால் போய் நிற்க வெட்கப்பட்டு நான் வீட்டில் நின்றுகொண்டேன். சட்டையைத் தொட்டியில் நனைத்துக் கடைச் சலவைத்தூளைப் போட்டுக் கசக்கினேன். மஞ்சள் போகவில்லை. சிவந்தது. இன்னும் கொஞ்சம் தூள் போட்டேன், இன்னும் சிவந்தது. தொட்டித் தண்ணீர் ஆலாத்தித் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்று தெரிந்த எனக்கு, சலவைத்தூளும் அதே வேலையைச் செய்யும் என்ற யோசனை வரவில்லை.

பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. ஊரில் மஞ்சள் கறையை வெயிலில் போட்டால் தானாகப் போய்விடும். வெளியே பார்த்தேன். பல நாளாகக் காணாத வெயில். சட்டையைக் கொண்டுபோய் பல்கனிக் கொடியில், கறைப்பக்கம் வெயிலைப் பார்க்க விரித்துப் போட்டேன். ஞாயிறில் சலவை யந்திரம் ஓடக்கூடாது, மேலே கீழே சத்தம் போடக்கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கொடியில் ஒரு சட்டை சும்மா தொங்குவதும் இந்த நாட்டில் குற்றம் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

எதிர்வீட்டு அம்மா யன்னல் திரையை விலக்கி என்னைப் பார்த்தார். நான் மரியாதையாகத் தலையசைத்தேன். அவர் திரையை மூடிவிட்டுத் தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும்.

சற்று நேரத்தில் முதலாளி முற்றத்தில் நின்றார். தேவாலயத்தால் வந்த கோலம், கழுத்துப்பட்டி, கையில் தொப்பி. ஞாயிறில் உடுப்புக் காயப்போட்டதைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளைச் சட்டை, ஏழாம் இலக்கம், தோளில் ரத்தம்போல ஒரு சிவப்பு.

என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் கதவைக் கடந்து நேரே மேலே ஏறினார். நான் பின்னாலேயே போய்ப் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றேன். கூரையடி அறையின் கதவு திறந்து கிடந்தது. முதலாளி தன் வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, நீயும் தூக்கு என்று சைகை செய்தார். அவர் தூக்கினார். நெஞ்சு உயரம் வரை வந்தது. அதற்கு மேலே வரவில்லை. இரண்டாவது தடவையும் அவ்வளவுதான்.

முதலாளி ஏசுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலில் இருந்து, தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பக்கத்தில் இவரும் இருந்தார். இரண்டு பேரும் சரிந்த கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னேரம் நான் சட்டையை எடுத்தபோது அதில் கறை இருக்கவில்லை. வெயில் தன் வேலையைச் செய்திருந்தது. பால்போல வெள்ளை.

அம்மா வந்ததும் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் என்னை ஏசவில்லை. மஞ்சள் டின்னை எடுத்து மேல்தட்டில் பின்னுக்குத் தள்ளி வைத்தாள். அப்பா முதலாளியிடம் போய்த் தெரிந்தும் சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். "நானும் உன் இடத்தில் இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாராம் முதலாளி. நல்ல மனிதர். ஆனால் கிளப்புக்கு எறிகிற கை வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். தோளுக்குள்ளே கிழிந்துவிட்டதாம், இனி எறிய ஏலாதாம், முன்பே ஓய்வு கொடுத்திருந்தால் என்று ஒரு சொல் வந்ததாம். அந்தச் சொல்லை அப்பா அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. எனக்கு அது வெகுகாலத்துக்குப் பிறகுதான் சொல்லப்பட்டது. கடைசி ஆட்டத்தில் வங்கியில் வேலை செய்யும் ஒரு பையன் எறிந்தானாம், தோற்றார்களாம்.

அடுத்த கிழமை அவர் புறப்பட்டார். அவர் போவதில் எனக்குக் கவலையைவிடப் பொறாமைதான் கூட. அவருடைய ஊரில் ஷெல் விழுவதில்லை, மகள் இருக்கிறாள், டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். "போறவர் ஏனப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரியிறார்?" என்று கேட்டேன். அப்பா, சப்பாத்து நாடாவைக் கட்டுகிறவர்போலக் குனிந்துகொண்டார்.

பைகளை அப்பா கீழே கொண்டுபோனார். அவர் எங்கள் வாசலில் நின்று அம்மாவைப் பார்த்துக் கைகூப்பப் பார்த்தார், கைகள் ஒன்றுசேரவில்லை, தலையை மட்டும் குனிந்தார். அம்மா குசினிக்குள் போய்விட்டாள். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். எறிந்து எறிந்து தோல் தேய்ந்த அந்தப் பந்தை வாசல்படியிலிருந்து எடுத்து வலது உள்ளங்கையில் வைத்தார். கோயிலில் ஐயரிடம் திருநீறு வாங்கும்போது நாங்கள் செய்வதுபோல, இடக்கையை வலது முழங்கைக்குக் கீழே கொடுத்து, மிக மெதுவாக அதை என்னிடம் நீட்டினார். நெற்றி வேர்த்திருந்தது. படி ஏறி இறங்கிய களைப்பு என்று நினைத்தேன். இவ்வளவு மரியாதை எங்கே பழகினார் என்றும் நினைத்தேன். நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.

அவர் இறங்கிப்போகும் சத்தம் அடங்கியதும் பந்தோடு குசினிக்கு ஓடினேன். அத்தனை நாளும் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியிருந்தது.

"அம்மா, அவற்றை கை சுகம் வந்திட்டுது. வலக்கையாலைதான் தந்தவர்."

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். நான் விடாமல், "உண்மையா அம்மா, நான் பாத்தனான்" என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.