விசிலுக்கு வந்த புறா

தொண்ணூறுகளில் அல்சூரில், எங்கள் மொட்டை மாடியில் பந்தயப் புறா வளர்த்தேன். விசில் அடித்தால் தீனிக்கு இறங்கும்படி பழக்கியிருந்தேன்.

ஒரு காலை, புறாக்கள் கூட்டமாக வட்டமடிக்கையில் பக்கத்து மாடி சலீம் பாய் கத்தினார்: "வல்லூறு வருதுப்பா! சீக்கிரம் எறக்கு!"

பதறி விசில் அடித்தேன். கூட்டம் பயத்தில் இன்னும் நெருக்கமாகப் பறந்ததே தவிர, இறங்கவில்லை. என் உள்ளங்கையில் தீனி தின்னும் நீலப் பெட்டை மட்டும் பிரிந்து என்னை நோக்கி வந்தது. வல்லூறு இறக்கையை மடக்கிக்கொண்டு கல் மாதிரி விழுந்தது. பட்டென்று ஒரு சத்தம். தண்ணீர்த் தொட்டிமேல் இறகுகள் மெல்ல இறங்கின.

"நாசமாப் போக!" என்று பாய் வல்லூற்றைத் திட்டினார். அது பசிக்கு வந்தது. பெட்டையைத் தனியே அழைத்தது நான்தான்.

வல்லூறு போனதும் மற்ற புறாக்கள் இறங்கின. நான் விசில் அடிக்கவேயில்லை.