உப்பு ஜாடிக்குப் பின்னால்

அடுப்படி அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பின்னால், பாதி பிதுக்கிய ஒரு களிம்புக் குழாய் கிடக்கிறது. தீக்காயத்துக்குப் போடுவது. உள்ளே எப்போதோ இறுகிக் கல்லாகிவிட்டது. அதை என் அக்காவுக்குக் கொடுத்தவர் அவள் வேலை பார்த்த பட்டாசு ஆலையின் போர்மேன். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு தீபாவளி சீசன். அக்காவும் நானும் ஆமத்தூரில் ஒரே வீட்டில் இருந்தோம். விஸ்வநத்தத்தில் இருந்த அந்த ஆலைக்கு வேலைக்குப் போய்வந்தவளுக்குத் திடீரென்று காய்ச்சல்; தணியவே இல்லை. அண்ணாச்சிதான் கம்பெனி வேனில் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் எட்டாவதோடு நின்றவள், எதற்கெடுத்தாலும் பதறுகிறவள். டாக்டர் முன்னால் எனக்கு வாயே வராது. அவர் கூட நின்றது சாமியே நின்றதுபோல இருந்தது. "உடம்புல எங்கயாவது கருப்பாப் புண்ணு இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார். அக்கா வாய் திறக்குமுன், "அப்படி ஒண்ணும் இல்லங்க சார்" என்றார் அண்ணாச்சி. அக்காவும் தலையாட்டினாள். வெளியே வந்து, அக்காவை வேனில் படுக்கவைத்ததும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நாள் போகப் போக அவளுக்குக் கண் மஞ்சளித்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே சேலை மாற்றிய நர்சம்மா, இடுப்பு மடிப்பில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கைப் பார்த்தாள். "இது தீக்காயம் இல்லம்மா, உண்ணி கடிச்ச தடம்" என்றார் பெரிய டாக்டர். ஆலைக் கொட்டகைகளுக்கு நடுவே ஆடு மேயும் புதர். பெண்கள் ஒதுங்குவதும் அங்கேதான். முதலிலேயே தெரிந்திருந்தால் மாத்திரையில் அடங்கியிருக்குமாம். இப்போதோ, உடம்பைக் காக்கவேண்டிய அணுக்களே வெறிபிடித்து அவள் ரத்தத்தைத் தின்கின்றன என்றார். உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்தும், அந்த வெறியை அடக்க ஸ்டீராய்டும் ஏற்றினார்கள். பிழைப்பாளா என்று கேட்டதற்கு, இரண்டு நாள் போகட்டும் என்றார்.

பிழைத்தாள். பேசத் தெம்பு வந்ததும் கேட்டேன். வலிக்காத அந்தக் கருப்பைத் தீப்பொறி பட்டதென்றே நினைத்து அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறாள். அவர் களிம்பைக் கொடுத்து, "ஏ தாயீ, வெளிய தெரிஞ்சா அதிகாரிக வந்துருவாக. சீசன்ல கம்பெனியப் பூட்டிட்டா அம்புட்டுப் பேரு பொழப்பும் போச்சு" என்றிருக்கிறார்.

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லக்கா?"

"உங்கிட்டயா? ஏட்டி, நீ ஊரையே கூட்டிருவ!" சிரித்தாள்.

அண்ணாச்சி கம்பெனியைக் காப்பாற்றினார், அதையாவது புரிந்துகொள்ளலாம். அவர் கையைப் பிடித்து நான் அழுததை இவளும்தானே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்?

தேறியபின் அதே ஆலைக்குத்தான் போனாள், இன்றும் போகிறாள். சாயங்காலம் வந்ததும், "உடம்புல ஏதும் இருக்காக்கா?" என்பேன். "ஒண்ணுமில்லட்டி" என்பாள்.

இன்று உப்பு எடுக்கக் கையை விட்டேன். பழைய குழாயை ஒட்டிப் புதிதாக இன்னொன்று இருந்தது. அதே களிம்பு. மூடியைத் திறந்து பிதுக்கியிருக்கிறது.

நான் வாங்கியதல்ல.