கடை ஐந்நூறு மீட்டர் தள்ளிப்போனது

கே.கே. நகரில் எங்கள் தெருமுனையில் நேற்றுக் காலை இரண்டு பேர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். ஒரு முனை ஸ்கூல் கேட்டில், மறுமுனை காலியாகக் கிடக்கும் ஒரு கட்டடத்தின் வாசலில். மதுக்கடை வரப்போகிறது என்று யாரோ சொல்ல, கூட்டம் கூடிவிட்டது. "அம்பது மீட்டருக்கு மேல இருக்குங்க, சட்டப்படி சரிதான்" என்றார் டேப் பிடித்தவர். நான் பால் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த பிறகுதான், மனசு திருவெறும்பூருக்குப் போய்விட்டது எனக்கே தெரிந்தது.

என் முதல் வேலை அங்கேதான். தஞ்சாவூர் ரோட்டு மேலேயே ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட். கம்ப்யூட்டரில் டிராயிங் போடும் வேலை. ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். யூனிட்டுக்குப் பக்கத்தில் அரசு மதுக்கடை, நேர் எதிரே பஸ் ஸ்டாப். "அந்தப் பக்கம் திரும்பிப் பாக்காதடி" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். நான் ஒருபடி மேலே போய், மூச்சையும் பிடித்துக்கொண்டு கடையைத் தாண்டுவேன். அப்படித் தாண்டிய ஒருநாள் சாக்கடைக்குள் காலை விட்டேன். சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டவர் லூர்து அக்கா. எங்கள் வெல்டர் ஆரோக்கியசாமி அண்ணனின் மனைவி.

அக்கா தினமும் சாயங்காலம் அந்த ஸ்டாப்பில் நிற்பார். அண்ணன் ஷிப்ட் முடிந்து நேரே கடைக்குப் போவார். ஒரு குவார்ட்டர். அது முடிந்ததும் அக்கா ரோட்டைத் தாண்டிப் போய் அவர் கையிலிருக்கும் டிபன் பையை வாங்கிக்கொள்வார். அண்ணன் பின்னால் வந்து பஸ் ஏறுவார். "வீட்ல சண்டை போட்டுப் பாத்தேம்மா, கேக்கல. என் கண்ணு முன்னாடி குடிச்சா ஒண்ணோட நிறுத்திக்கிறாரு" என்பார் அக்கா. வெல்டிங் புகையும் பிராந்தியும் கலந்த அண்ணனின் நெடி, இன்றும் ஏதாவது இரும்புப் பட்டறையைத் தாண்டினால் அவர் இல்லாமலே வரும்.

பிறகு கோர்ட் உத்தரவு வந்தது. நெடுஞ்சாலையிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சாகிறவர்களைக் காப்பாற்றுவதற்கான சட்டம், நல்ல சட்டம்தான். கடையைப் பூட்டிய அன்று அக்கா மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார். நான் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு நடந்தேன்.

சில வாரங்களில் கடை மறுபடி திறந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், வயல் நடுவே, ஒரு தகரக் கொட்டகையில். ரயில்வே கேட் வழியாகச் சுற்றிப் போனால் தூரம் என்று எல்லோரும் புதரை விலக்கித் தண்டவாளத்தின் மேலேயே நடந்து கடந்தார்கள். அக்கா ஒருமுறை போய்ப் பார்த்தார். "ஒரே ஆம்பளைக் கூட்டம். விசில் அடிக்கிறானுங்க" என்று திரும்பி வந்துவிட்டார். அதன்பிறகு ஸ்டாப்பிலேயே காத்திருந்தார். பார்க்க ஆளில்லாத இடத்தில் அண்ணனுக்கு ஒன்று போதவில்லை.

ஒருநாள் ஆடிக்காற்று புழுதியை வாரி அடித்தது. என் பஸ் வரவில்லை. நானும் அக்காவோடு நின்றிருந்தேன். ரயில் போகும் சத்தம் காற்றில் விட்டுவிட்டுக் கேட்டது. சற்று நேரத்தில் எங்கள் ஃபிட்டர் வயல் பக்கமிருந்து ஓடிவந்தார். அக்காவைப் பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்தி நடக்க ஆரம்பித்தார். அந்த நடையிலேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"எந்த இடத்துல?" என்று மட்டும் கேட்டார்.

ஃபிட்டர் கை காட்டிய திசையில் அக்கா செருப்பைக்கூட விட்டுவிட்டுப் போனார். நான் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணனின் அடக்கம் முடிந்த சில நாட்களில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கொட்டகை முன்னால் உட்கார்ந்தார்கள். அதிகாரி ஒருவர் வந்தார். "ஐநூறு மீட்டர் தாண்டித்தாம்மா வச்சிருக்கோம். சட்டத்துல தப்பு ஒண்ணும் இல்ல."

லூர்து அக்கா எழுந்தார். "ரோட்டுலேர்ந்து ஐநூறு, சரிங்க. தண்டவாளத்துலேர்ந்து எவ்வளவுன்னு சட்டத்துல இருக்குங்களா?"

அதிகாரி ஜீப் பக்கம் பார்த்துக்கொண்டு, "அதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

கொஞ்ச காலத்தில், நகர எல்லைக்குள் போகும் சாலைகளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று விளக்கம் வந்தது. கடை பழைய இடத்துக்கே திரும்பியது. அதே கட்டடம், அதே கம்பி வலை. அக்கா எதிரில் நின்று பார்த்தார். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அந்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு உப்பிலியபுரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

யூனிட்டை எப்போதோ மூடிவிட்டார்கள். வயல் முழுக்க பிளாட். அக்கா மட்டும் கிறிஸ்துமஸுக்கு போனில் கூப்பிடுவார். கடைசியாகப் பேசியபோது மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்காரு. இங்க கடை ரொம்பத் தூரம்மா. பைக்ல போயிட்டு வராரு. வண்டிச் சத்தம் கேக்குற வரைக்கும் நானும் மகளும் வாசல்லயே உக்காந்திருப்போம்."

நேற்று அக்காவின் எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். அது இப்போது உபயோகத்தில் இல்லை.